எர்மே, பெபேயாள், அப்பொல்லோ: கிரேக்க தெய்வங்களின் பெயரோடு வாழ்ந்த ஆதி கிறிஸ்தவர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்தில் பவுல் பெயர் சொல்லிச் சொல்லி வாழ்த்து அனுப்புகிறார். வாயில் எளிதில் நுழையாத பெயர்கள். நான் பல வருடமாக ஞாயிறு மாலைகளில் வேதபாட வகுப்பு எடுத்து வருகிறேன். ஆழமான உபதேச அதிகாரங்களைவிட இந்தப் பெயர்ப் பட்டியலைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். காரணம், அதில் ஒருவருக்குக் கிரேக்க தெய்வம் ஹெர்மஸின் பெயர் அப்படியே இருக்கிறது. இன்னொருவருக்குக் கடல் தெய்வத்தின் பெயர். "விக்கிரகங்களை விட்டு வந்தவர்கள் அந்தப் பெயரை மட்டும் எப்படி வைத்துக்கொண்டார்கள்?" என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். அந்தக் கேள்வியையும் அதைத் தொட்டு வந்த மற்றவற்றையும் இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

புதிய ஏற்பாட்டில் தெய்வப் பெயர் கொண்டவர்கள் யார் யார்?

பெபேயாளிலிருந்து தொடங்கலாம். கொரிந்து பட்டணத்தின் கிழக்குத் துறைமுகமான கெங்கிரேயாவில் சபை ஊழியம் செய்தவர். 57-ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்ட ரோமர் நிருபத்தைக் கையோடு ரோமுக்குக் கொண்டுபோனவர் இவர்தான் என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து. கிரேக்கத்தில் இவர் பெயர் ஃபொய்பே, அதாவது ஒளி மிகுந்தவள். கிரேக்கப் புராணத்தில் அப்போலோவுக்கும் ஆர்ட்டெமிசுக்கும் பாட்டியான ஆதி தெய்வத்தின் பெயர் அது.

அதே அதிகாரத்தில் ஹெர்மஸின் பெயரோடு எர்மே இருக்கிறார், அவரோடு எர்மா இருக்கிறார். நேரேயு என்பது கடல் முதியவர் என்று கிரேக்கர் வணங்கிய தெய்வத்தின் பெயர். ஒலிம்பா என்ற பெயரில் தெய்வங்கள் குடியிருந்ததாகச் சொல்லப்பட்ட ஒலிம்பஸ் மலை ஒளிந்திருக்கிறது. மற்ற நிருபங்களுக்குப் போனால் எப்பாப்பிரோதீத்து. 'காதல் தெய்வமான அஃப்ரொடைட்டியின் அருள் பெற்றவன்' என்பதுதான் இந்தப் பெயருக்குப் பொருள். பிலிப்பி சபை பவுலுக்குக் கொடுத்தனுப்பிய உதவியைச் சுமந்துபோய், அந்த ஊழியத்தில் மரண வாசல்வரை போய்த் திரும்பியவர் இவர். தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் ஆர்ட்டெமிஸின் பெயரால் அர்த்தெமா, ஜீயஸின் பெயரால் சேனா. அதிர்ஷ்ட தேவதை டைக்கியின் பெயரை ஒட்டித் தீகிக்கு. அத்தேனே பட்டணத்தில் பவுலின் பேச்சைக் கேட்டு விசுவாசித்த தியொனீசியுவுக்கு மது தெய்வமான டயோனிசஸின் பெயர்.

எல்லாரும் நல்லவர்களாகவும் இல்லை. பவுலைக் கைவிட்ட எர்மொகெனே, விசுவாசத்தைக் கெடுத்த இமெநேயு இருவர் பெயரிலும் தெய்வம் உண்டு. யோவானின் மூன்றாம் நிருபத்தைப் பாருங்கள். ஒரே அதிகாரம்தான். அதில் முதன்மையை விரும்பிச் சபையை ஆட்டிப்படைத்தவர் தியோத்திரேப்பு. 'ஜீயஸால் வளர்க்கப்பட்டவன்' என்று பொருள். ஹோமரின் காவியத்தில் அரசர்களுக்குக் கொடுக்கப்படும் அடைமொழி இது. அதே நிருபத்தில் எல்லாராலும் நற்சாட்சி பெற்றவர் தேமேத்திரியு. டிமீட்டர் என்ற தானிய தெய்வத்துக்கு உரியவன் என்று பொருள். எபேசு பட்டணத்தில் ஆர்ட்டெமிசுக்கு வெள்ளிக் கோவில்கள் செய்து விற்றுப் பவுலுக்கு எதிராகக் கலகம் கிளப்பிய தட்டானுக்கும் இதே பெயர்தான். பெயரை வைத்து ஆளை எடைபோட முடியாது என்று அந்தக் கால விசுவாசிகள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

தமிழ் வேதாகமத்தை இத்தனை வருடம் வாசித்தும் இது ஏன் கண்ணில் படவில்லை?

நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் தெய்வங்களுக்கு ஒரு விதமாகவும் மனிதர்களுக்கு வேறு விதமாகவும் பெயர் வருவதுதான் காரணம். லீஸ்திரா ஊரில் பவுலும் பர்னபாவும் ஒரு சப்பாணியைக் குணமாக்கியதும் ஜனங்கள், தெய்வங்களே இறங்கி வந்துவிட்டார்கள் என்று சொல்லிப் பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் அழைத்தார்கள் என்று அப்போஸ்தலர் 14-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பவை ஜீயஸ், ஹெர்மஸ் என்ற பெயர்கள். மொழிபெயர்ப்பாளர்கள் அவற்றுக்கு ஈடான ரோமப் பெயர்களைப் போட்டுவிட்டார்கள். ஆனால் ரோமர் 16:14-இல் அதே ஹெர்மஸ் ஒரு விசுவாசியின் பெயராக வரும்போது எர்மே என்று எழுதினார்கள்.

கிரேக்கத்தில் இந்த இரண்டு வசனங்களிலும் உள்ள சொல்லை அருகருகே வைத்துப் பார்த்தேன். ஹெர்மேன். வேற்றுமை உருபு உட்பட ஓர் எழுத்துகூட மாறாமல் ஒரே சொல். லீஸ்திராவில் அந்தப் பெயரால் தன்னைக் கூப்பிட்டபோது ஆடையைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடிய பவுல், ரோமில் அதே பெயருள்ள சகோதரனுக்கு அன்போடு வாழ்த்துச் சொல்லுகிறார். எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் பிறந்ததே அந்த ஒரு சொல்லால்தான்.

எபேசியரின் 'தியானாள்' கதையும் இதுவே. மூலத்தில் அவள் ஆர்ட்டெமிஸ். தீத்து நிருபத்தின் அர்த்தெமாவையும் அவளையும் தமிழில் யாரும் இணைத்துப் பார்க்க வழியில்லை.

தெய்வத்தின் பெயரையே வைப்பதும், தெய்வத்தை ஒட்டிய பெயர் வைப்பதும் ஒன்றுதானா?

நம் ஊரில் முருகன் என்றும் வைக்கிறோம், முருகதாஸ் என்றும் வைக்கிறோம். பழைய கிரேக்கர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையோடு நின்றார்கள். அப்போலோவுக்கு உரியவன் அப்பொல்லோனியஸ், எகிப்தியத் தெய்வம் ஐசிஸின் கொடை இசிதோர், ஆர்ட்டெமிஸின் கொடை அர்த்தெமிதோர். குழந்தை வரம் கேட்டுப் பிறந்தால் அந்தத் தெய்வத்தின் பெயர், இல்லாவிட்டால் தாத்தாவின் பெயர். தாத்தா தியொனீசியு என்றால் பேரனும் தியொனீசியு. நான்கு தலைமுறைக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லும்போது யாருக்கும் மது தெய்வம் நினைவுக்கு வராது, தாத்தாதான் நினைவுக்கு வருவார்.

நீளப் பெயரைச் சுருக்கும் பழக்கமும் அவர்களுக்கு இருந்தது. சுப்பிரமணியன் நமக்குச் சுப்புவாகவும் மணியாகவும் ஆவதுபோல அர்த்தெமிதோர் அர்த்தெமா ஆனார், சேனோதோர் சேனா ஆனார், எப்பாப்பிரோதீத்து எப்பாப்பிரா ஆனார். ஆதி சபைப் போதகரான அப்பொல்லோவின் பெயரும் அப்படிச் சுருங்கியதுதான். பேசா என்று அழைக்கப்படும் பழைய கையெழுத்துப் பிரதியில் அவருடைய முழுப்பெயர் அப்பொல்லோனியஸ் என்றே இருக்கிறது.

ஹெர்மஸ், நெரியஸ், ஈரோஸ் என்று தெய்வத்தின் பெயரை ஒட்டும் உறவும் இல்லாமல் நேரடியாக வைப்பது ரோமப் பேரரசுக் காலத்தில்தான் பரவலானது. அதுவும் குறிப்பாக அடிமைகள் நடுவில். ரோமில் கிடைத்த அடிமைகளின், விடுதலை பெற்ற அடிமைகளின் கல்வெட்டுகளில் ஹெர்மஸ் மிக மிகச் சாதாரணமான பெயர். இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அடிமைக்குப் பெயர் வைத்தவர் அவனுடைய அம்மாவோ அப்பாவோ ஆக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. சந்தையில் விற்ற வியாபாரி வைத்திருக்கலாம், வாங்கிய எஜமான் வைத்திருக்கலாம். காதுக்கு இனிமையாக இருக்கிறது, கிரேக்கச் சாயல் இருக்கிறது என்பதே போதும். ரோமர் 16-இல் வரும் எர்மேயும் நேரேயுவும் அடிமைகளாகவோ அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர்களாகவோ இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பெயர் அவர்கள் தேர்ந்தெடுத்தது அல்ல. அந்தப் பெயரைச் சொல்லிச் சகோதரனாக அழைக்க ஒரு சபை இருந்தது. அதுதான் அவர்களுக்குப் புதிது.

சவுல் மனம் மாறியதும் பவுல் ஆனாரே? அதுபோல மற்றவர்களும் ஏன் மாற்றிக்கொள்ளவில்லை?

இது பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டுக் கேட்டு நம் மனதில் பதிந்துபோன தவறு. தமஸ்குவுக்குப் போகும் வழியில் இயேசுவைச் சந்தித்த பிறகும், ஞானஸ்நானம் பெற்ற பிறகும் அவர் சவுல்தான். அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்திலிருந்து 13 வரைக்கும் சவுல் என்றே வருகிறது. பிறகு சீப்புரு தீவில், பவுல் என்று சொல்லப்பட்ட சவுல் என்று ஒரு குறிப்பு வந்து, அதன்பின் பெயர் மாறுகிறது. வீட்டில் எபிரெயப் பெயர், வெளியில் ரோமப் பெயர் என்று இரண்டு பெயர் வைத்திருந்த யூதர் அவர். ரோம அதிகாரிகள் நடுவில் ஊழியம் தொடங்கியதும் ரோமப் பெயர் முன்னுக்கு வந்தது. பேதுரு, பர்னபா போன்றவை பட்டப்பெயர்கள். சீமோன் பேதுரு ஆன பிறகும் சீமோனாகவே இருந்தார்.

ஞானஸ்நானத்தில் புதுப் பெயர் தருவது முதல் இரண்டு நூற்றாண்டுகளில் வழக்கமாக இருந்ததாகத் தெரிய எந்தத் தடயமும் இல்லை. நமக்கு அது வியப்பாக இருப்பதற்குக் காரணம் நம்முடைய சொந்த வரலாறு. நீலகண்ட பிள்ளை 1745-இல் ஞானஸ்நானம் பெற்று லாசரு என்ற பொருளில் தேவசகாயம் ஆனார், அந்தப் பெயரிலேயே 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்த மரபில் வந்த நமக்குப் பெயர் மாறாத மனமாற்றம் பாதியில் நின்றதுபோலத் தோன்றுகிறது. கொரிந்துவிலும் ரோமிலும் அப்படித் தோன்றவில்லை.

அப்பொல்லோ யூதர் அல்லவா? யூதருக்கு எப்படி அப்போலோவின் பெயர் வந்தது?

ஆமாம், அலெக்சந்திரியாவில் பிறந்த யூதர், வேதாகமங்களில் வல்லவர். யூதர்களும் தாங்கள் வாழ்ந்த ஊரின் பெயர்களை எடுத்துக்கொண்டவர்கள்தான். கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் எருசலேமின் பிரதான ஆசாரியரும் ஆட்சியாளருமான ஹிர்கானஸ் ரோமுக்கு அனுப்பிய தூதர்களின் பெயர்களை வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் தருகிறார். அவர்களில் ஒருவர் அப்பொல்லோனியஸ். இன்னொருவர் டியோடோரஸ், அதாவது ஜீயஸின் கொடை. தேவாலயத்தின் தலைவரே அனுப்பிய தூதர்கள் இவர்கள்!

இன்னும் பின்னால் போனால் எஸ்தரை வளர்த்த மொர்தெகாய் இருக்கிறார். பாபிலோனின் தலைமைத் தெய்வம் மர்துக்கின் பெயர் அதில் இருக்கிறது. ஆமானுக்கு முன்னால் குனிய மறுத்தவர் அவர்தான். தானியேலுக்குக் கொடுக்கப்பட்ட பெல்தெஷாத்சார் என்ற பெயரைப் பற்றி ராஜாவே, அது தன் தேவனுடைய நாமத்தின்படி வைத்தது என்று நாலாம் அதிகாரத்தில் சொல்லுகிறார்.

"வேறே தேவர்களின் பேரைச் சொல்லவேண்டாம்" என்று யாத்திராகமம் 23:13 சொல்கிறதே. இந்தப் பெயர்களால் கூப்பிடுவதே மீறுதல் ஆகாதா?

இந்தக் கேள்வியை ஏறத்தாழ 1,800 வருடங்களுக்கு முன்பே வட ஆப்பிரிக்காவின் கர்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவர்கள் கேட்டுவிட்டார்கள். பதில் சொன்னவர் அந்த ஊர்க் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன். விக்கிரக ஆராதனையின் நிழல் பட்டாலே கொதிப்பவர் அவர். பூமாலை சூடுவதிலும் திருவிழா நாளில் வாசலில் விளக்கு ஏற்றுவதிலும்கூட விக்கிரக ஆராதனையைக் கண்டவர். அப்படிப்பட்டவர் பெயர் விஷயத்தில் என்ன சொல்கிறார்? மருத்துவத் தெய்வம் எஸ்குலாப்பியஸ் கோவிலில் அவனைப் பார்க்கலாம், ஐசிஸ் தெருவில் என் வீடு என்று நாம் சொல்லித்தானே ஆகவேண்டும் என்கிறார். தெய்வங்களின் பெயர்கள் மனிதர்களுக்கும் வைக்கப்படுகின்றன. சாட்டர்ன் என்ற பெயருள்ளவனை அந்தப் பெயரால் அழைப்பதால் நான் அந்தத் தெய்வத்தைக் கனப்படுத்தவில்லை, மாற்கு என்பவனை மாற்கு என்று அழைப்பதுபோலத்தான் அதுவும் என்கிறார். கட்டளை தடுப்பது அவற்றைத் தெய்வம் என்று ஒப்புக்கொண்டு பெயர் சொல்வதை. அவ்வளவு கண்டிப்பானவரே கோடு கிழித்த இடம் இது.

அவர் வாழ்ந்த அதே கர்த்தேஜில், அவர் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க மனம் வரவில்லை. 203-ஆம் ஆண்டு மார்ச் 7. பெர்பெத்துவா என்ற இளம்தாயும் பெலிசித்தா என்ற அடிமைப் பெண்ணும் அவர்களோடு சில ஆண்களும் மிருகங்களுக்கு இரையாக்கப்பட அரங்கத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அந்த ஆண்களில் ஒருவர் சாத்துர்னினுஸ். 'சாட்டர்னுக்கு உரியவன்' என்று பொருள். சாட்டர்ன் அந்த மண்ணின் பெரிய தெய்வம். வட ஆப்பிரிக்காவில் மூலைக்கு மூலை சாத்துர்னினுஸ் இருந்தார்கள்.

அரங்கத்தின் வாசலில் அவர்களை நிறுத்தி, உடை மாற்றச் சொன்னார்கள். ஆண்களுக்குச் சாட்டர்ன் பூசாரிகளின் அங்கி, பெண்களுக்குத் தானிய தெய்வமான செரெஸின் பணிப்பெண்களின் உடை. எப்படியும் சாகப் போகிறவர்கள், ஒரு துணிதானே என்று விட்டிருக்கலாம். பெர்பெத்துவா விடவில்லை. இதுபோல எதையும் செய்யக்கூடாது என்பதற்காகத்தான் உயிரையே கொடுக்க வந்திருக்கிறோம், உங்களோடு எங்கள் ஒப்பந்தம் அதுதான் என்று வாதாடினார். கடைசியில் அதிகாரி இறங்கிவந்தார். அவர்கள் எப்படி வந்தார்களோ அப்படியே உள்ளே போனார்கள்.

சாத்துர்னினுஸ் சாட்டர்னின் அங்கியைப் போடாமல் செத்தார், சாட்டர்னின் பெயரோடு செத்தார். பெயரில் தெய்வம் இருந்தால் விசுவாசத்தில் கலப்படம் என்று யாராவது என்னிடம் சொன்னால், அந்த வாசலைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பெயர் ஏற்கனவே வைத்தாகிவிட்டது, சரி. கிறிஸ்தவப் பெற்றோர் தங்கள் பிள்ளைக்கே இப்படி வைத்திருக்கிறார்களா?

வைத்திருக்கிறார்கள். மிகப் பெரிய உதாரணம் ஓரிகேன். ஆதி சபையின் மாபெரும் வேத அறிஞர். எகிப்தின் அலெக்சந்திரியாவில் 185 வாக்கில் பிறந்தவர். அவருடைய பெயருக்கு 'ஹோரஸுக்குப் பிறந்தவன்' என்று பொருள் கொள்கிறார்கள். ஹோரஸ் எகிப்தியரின் பருந்துத் தலைத் தெய்வம். அப்பா லியோனிதெஸ் கிறிஸ்தவர், 202 வாக்கில் விசுவாசத்துக்காகத் தலை வெட்டப்பட்டவர். தூங்கும் மகனின் மார்பில் பரிசுத்த ஆவி குடியிருக்கும் ஆலயம் என்று முத்தமிடுவாராம். அந்தத் தகப்பனின் வீட்டில்தான் இந்தப் பெயர் இருந்தது.

பிறகு எப்போதுதான் மாறியது?

மெதுவாக. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் அலெக்சந்திரியாவின் ஆயர், விசுவாசிகள் தங்கள் பிள்ளைகளுக்குப் பவுல், பேதுரு என்று அதிகமாக வைக்கிறார்கள் என்று போகிற போக்கில் குறிப்பிடுகிறார். இதைச் சொன்ன ஆயரின் பெயர் தியொனீசியு! பழைய அலையும் புதிய அலையும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கின்றன.

பெயரையே அறிக்கையாக்கியவர்கள் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தார்கள். பெரும் துன்புறுத்தல் நடந்துகொண்டிருந்த காலம். சிலிசியாவின் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்ட கைதிகளுக்குத் துணையாகப் போய்விட்டு ஊர் திரும்பிய ஐந்து எகிப்தியர்கள் பாலஸ்தீனத்துச் செசரியா வாசலில் பிடிபட்டார்கள். ஆளுநர் பிர்மிலியன் பெயரைக் கேட்டார். எலியா, எரேமியா, ஏசாயா, சாமுவேல், தானியேல் என்றார்கள். பெற்றோர் வைத்திருந்தவை விக்கிரகங்களின் பெயர்கள், அவற்றை விட்டுவிட்டுத் தீர்க்கதரிசிகளின் பெயர்களைச் சொன்னார்கள் என்று அதே ஊர்க்காரரான சபை வரலாற்றாசிரியர் எவுசேபியு எழுதிவைத்திருக்கிறார். எந்த ஊர் என்று கேட்டதற்கு எருசலேம் என்றார்கள். அவர்கள் சொன்னது பரம எருசலேமை. பூமியிலிருந்த எருசலேமுக்கே அப்போது ரோமர் ஏலியா என்று வேறு பெயர் வைத்திருந்தார்கள். அப்படி ஒரு ஊரைக் கேள்விப்பட்டிராத ஆளுநர், கிறிஸ்தவர்கள் எங்கோ ரகசியமாக ஒரு பட்டணம் கட்டிவிட்டார்கள் என்று பயந்து, அது எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு வதைத்தார். ஐவரும் கொல்லப்பட்டார்கள்.

துன்புறுத்தல் நின்ற பிறகும் எல்லாரும் புனிதர் பெயருக்கு மாறிவிடவில்லை. அந்தியோகியாவில் புகழ்பெற்ற பிரசங்கியார் யோவான் கிறிசோஸ்தோம் பிரசங்கத்தில் இதற்காகக் கடிந்துகொள்கிறார். குழந்தை பிறந்தால் ஜனங்கள் பல விளக்குகளை ஏற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைப்பார்களாம். எந்த விளக்கு கடைசிவரை எரிகிறதோ அந்தப் பெயர் பிள்ளைக்கு. நீண்ட ஆயுள் கிடைக்கும் என்று நம்பிக்கை. அதை விட்டுவிட்டுப் புனிதர்களின் பெயரை வையுங்கள் என்கிறார். அதே ஊரில் மெலேத்தியு என்ற ஆயரின்மேல் இருந்த பாசத்தால் வீட்டுக்கு வீடு மெலேத்தியு என்று வைத்ததையும் அவரே மகிழ்ச்சியோடு சொல்கிறார். பெயர் மாற்றம் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. சட்டம் போட்டு யாரும் மாற்றவில்லை.

எகிப்தில் இன்னும் மெதுவாக. பாலைவனத் துறவிகளின் மடத்துத் தலைவர் ஒருவர் ஹோர்சியேசி. ஐசிஸின் மகன் ஹோரஸ் என்பது அந்தப் பெயர். அலெக்சந்திரியாவின் ஆயர் அத்தனாசியுவின் நண்பரான இன்னொரு ஆயர் செராப்பியோன். எகிப்தில் வணங்கப்பட்ட செராப்பிஸ் தெய்வத்தின் பெயர் அது.

பெயர் பிடிக்காமல் மாற்றிக்கொண்ட திருத்தந்தை ஒருவர் உண்டாமே?

இரண்டாம் யோவான். 533-இல் திருத்தந்தை ஆனார். இயற்பெயர் மெர்க்குரியுஸ். ரோமின் ஆயருக்கு மெர்க்கூரி தெய்வத்தின் பெயர் பொருந்தாது என்று மாற்றிக்கொண்டார். அவர் முன்பு குருவாக இருந்த புனித கிளமெந்து ஆலயத்தில் குரு மெர்க்குரியுஸ் என்று பொறித்த பளிங்குத் துண்டு இன்றும் இருக்கிறது. குருவாக இருந்த காலமெல்லாம் அந்தப் பெயரோடே பலிபீடத்தில் நின்றிருக்கிறார் பாருங்கள். அவருக்குச் சற்றுமுன் 514 முதல் 523 வரை திருத்தந்தையாக இருந்தவர் ஹோர்மிஸ்தாஸ். பாரசீகரின் தெய்வமான அகுரா மஸ்தாவின் பெயர் அது. அவர் மாற்றவில்லை.

அப்படியானால் இணையத்தில் சொல்வதுபோல, புனிதர்கள் எல்லாரும் பழைய தெய்வங்களின் மறுவடிவம்தானே? தியொனீசியு என்றால் டயோனிசஸ், தெமேத்திரியு என்றால் டிமீட்டர்?

பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து இப்படிச் சொல்லவே முடியாது. பாரிஸின் புனித தியொனீசியுவை, பிரெஞ்சில் தெனி, எடுத்துக்கொள்வோம். அவரோடு கொல்லப்பட்டவர்கள் ருஸ்திக்கு, எலுத்தேரியு. டயோனிசசுக்கு எலுத்தேரியஸ் என்றும் ஒரு பட்டம் உண்டு, ஆகவே மூவரும் கற்பனை என்று ஒரு வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தியொனீசியு என்பது கிரேக்க உலகத்தில் நம் ஊர் முருகனைப் போல எங்கும் இருந்த பெயர். சிராக்கூஸின் கொடுங்கோலனுக்கு அந்தப் பெயர். கொரிந்துவின் ஆயருக்கு, அலெக்சந்திரியாவின் ஆயருக்கு, 268-இல் இறந்த திருத்தந்தைக்கு அந்தப் பெயர். இவர்கள் கடிதங்கள் எழுதியிருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள். ரத்தமும் சதையுமான மனிதர்கள். தெனியைப் பற்றிய கதைகளில் பிற்காலச் சேர்க்கை உண்டு என்பது வேறு விஷயம். ஒன்பதாம் நூற்றாண்டில் மடாதிபதி ஹில்துவின் அவரையும் அத்தேனேயின் தியொனீசியுவையும் ஒரே ஆளாக்கிவிட்டார். நூற்றாண்டுகள் தள்ளி வாழ்ந்த இருவரை ஒருவராக்கியதும் பெயர்தான், தெய்வம் அல்ல.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கிரேக்க நாட்டின் எலெயுசிஸ், டிமீட்டரின் புகழ்பெற்ற தலம். அங்கே குப்பை எருவில் கழுத்துவரை புதைந்து கிடந்த ஒரு பழைய பெண் சிலையை ஊர்க்காரர்கள் மரியாதையோடு நடத்தினார்கள், வயல் விளைவது அதனால்தான் என்று நம்பினார்கள். புனித தெமேத்ரா என்று அழைத்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. சபையின் நாட்காட்டியில் அப்படி ஒரு புனிதையே கிடையாது. 1801-இல் கிளார்க் என்ற ஆங்கிலேயர் அதைப் பெயர்த்துக்கொண்டு போனார். இப்போது கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உண்மையில் அது டிமீட்டரின் சிலைகூட அல்ல, தலையில் புனிதப் பேழை சுமக்கும் ஒரு பணிப்பெண். இங்கே பழைய பக்தி மிச்சமிருந்தது உண்மை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியது நிலத்தில், சிலையில், சடங்கில். பெயர்ப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

நேரேயு, அக்கிலேயு என்ற வேதசாட்சிகள் ரோமர் 16-இல் வருபவரா?

இல்லை, பெயர் மட்டும் ஒன்று. இவர்கள் ரோமப் படைவீரர்கள் என்றும், கேடயத்தையும் பதக்கங்களையும் எறிந்துவிட்டு ஓடிவந்தவர்கள் என்றும் நான்காம் நூற்றாண்டில் திருத்தந்தை தமாசு அவர்கள் கல்லறைக்குக் கவிதை எழுதினார். தொமித்தில்லா நிலத்தடிக் கல்லறையில் உள்ள ஆலயத்தில் ஒரு சிறு தூணில் அக்கிலேயு கொல்லப்படும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது, மேலே அவர் பெயரும் இருக்கிறது. துரோயா போரின் மாவீரன் அக்கிலிஸின் பெயர், வாளை எறிந்தவனுக்கு.

நம் ஊர்ப் பெயர்களிலும் இது இருக்கிறதா?

நிறைய. இசிதோர் என்ற பெயர் உங்கள் பங்கிலும் ஒருவருக்காவது இருக்கும்; ஐசிஸின் கொடை. டென்னிஸ் என்பது தியொனீசியு. ஃபீபி நம்முடைய பெபேயாள். சில்வானுஸ் என்பது ரோமரின் காட்டுத் தெய்வத்தின் பெயர், பவுலோடு பயணம் செய்த சீலாவின் இன்னொரு பெயரும் அதுவே. டயானா பழைய வேதாகமத்தின் தியானாள்தான், இதை மட்டும் ஆதி கிறிஸ்தவர்களோடு நேரடியாக இணைக்க முடியாது.

எனக்குப் பிடித்தது மார்ட்டின். போர்த்தெய்வமான மார்ஸிலிருந்து வந்த பெயர். நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவர் அல்லாத ஒரு படை அதிகாரி தன் மகனுக்கு வைத்தார். மகன் போர்வாளால் தன் மேலங்கியைப் பாதியாக வெட்டிக் குளிரில் நடுங்கிய ஏழைக்குக் கொடுத்த தூர் நகரத்துப் புனித மார்ட்டின் ஆனார். அவருடைய திருநாள் நவம்பர் 11. 1483-இல் அதே நாளில் ஒரு ஜெர்மானியக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அந்தப் பெயரையே வைத்தார்கள். அவர்தான் மார்ட்டின் லூத்தர். 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவர் கொண்டுவந்தது லூத்தரின் சபையை. இன்று தஞ்சைப் பக்கத்தில் லூத்தரன் சபையில் ஒரு பையனை மார்ட்டின் என்று கூப்பிடும்போது யாருக்காவது மார்ஸ் நினைவுக்கு வருகிறதா?

இன்று ஞானஸ்நானத்துக்கு இப்படிப் பெயர் கொடுத்தால் மறுப்பார்களா?

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் 855-ஆம் விதி, கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் வேண்டாம் என்று மட்டும் சொல்கிறது. புனிதர் பெயராகவே இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மற்றச் சபைகளில் வழக்கம் சபைக்குச் சபை மாறும், உங்கள் ஆயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பொல்லோ, பெபேயாள், தீத்து நிருபத்தில் வரும் சேனா போன்ற வேதாகமப் பெயர்களுக்கு யாரும் தடை சொல்லி நான் பார்த்ததில்லை.

ஆலயத்தில் ரோமர் 16 வாசிக்கும் முறை எனக்கு வந்திருக்கிறது. இந்தப் பெயர்களை எப்படிச் சொல்வது?

கையில் இருக்கும் வேதாகமத்தில் உள்ளபடியே சொல்லுங்கள்; கேட்பவர்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அசிங்கிரீத்து, பிலெகோன், பத்திரொபா ஆகியவற்றை வீட்டில் நாலைந்து முறை சத்தமாகப் பழகிவிட்டுப் போங்கள். கிரேக்க ஓசை தெரிந்துகொள்ள விரும்பினால்: பெபேயாள் ஃபொய்பே, எர்மே ஹெர்மேஸ், எர்மா ஹெர்மாஸ், நேரேயு நேரெயுஸ், ஒலிம்பா ஒலும்பாஸ். ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி விடுங்கள். நேரேயுவுக்குப் பிறகு "அவனுடைய சகோதரியையும்" என்று வரும். அந்தச் சகோதரிக்குப் பெயர் எழுதப்படவில்லை, அவளையும் தாண்டி ஓடிவிடாதீர்கள்.